ஃப்ரீசருக்குள் ஒரு காசு

லூசியானாவில் சோவின் என்கிற எங்கள் கடலோர ஊர்ப் பக்கம், புயலுக்குப் பயந்து ஊரைக் காலி செய்கிறவர்கள் கிளம்புமுன் ஒரு வேலை செய்வார்கள். கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு கால் டாலர் காசை வைத்து, ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் உள்ளே இருக்கும் இறாலைச் சமைக்கலாம். அடியில் இருந்தால் நடுவில் கரண்ட் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, குப்பைதான். வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்குக் காசு வேண்டாம்.

போன புயலில் பக்கத்து வீட்டு வெர்லியின் காசு அடியில் கிடந்தது. கரண்ட் வர இருபத்தாறு நாள் ஆயிற்று. அத்தனை நாளும் கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் பேட்டன் ரூஜ் நகரத்தில் மகன் வீடு. இறால் படகு ஓட்டிய அவள் கணவர் க்ளோவிஸுக்கு நுரையீரல் போய்விட்டது. மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் மெஷினும் மூக்கில் குழாயுமாகத்தான் மூச்சு. அங்கே அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர், சரியாகச் சாப்பிடவுமில்லை. வீடு திரும்பிய அன்றே சொல்லிவிட்டார்: "அடுத்த புயலுக்கு நான் எங்கேயும் வரமாட்டேன்."

அதனால்தான் வெர்லி ஜெனரேட்டர் விற்கிற டேரனை வரச் சொன்னாள்.

"மொத்த வீட்டுக்கும் இருபத்திரண்டு கிலோவாட் போட்டுடலாம்மா. கரண்ட் போன பத்தே செகண்டுல தானா ஓடும்," என்றான் அவன்.

"அதையே போடுப்பா," என்றார் க்ளோவிஸ். "அப்புறம் எந்தப் புயல் வந்தாலும் இந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

வெர்லி அவன் கொடுத்த விலைக் காகிதத்தைக் கீழே வைத்தாள். வாங்காவிட்டால் இன்னொரு இருபத்தாறு நாளை அவர் தாங்கமாட்டார். வாங்கினால் புயலுக்குள் உட்கார்ந்துவிடுவார்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமைத்தவள் அவள். "நானூறு பிள்ளைங்களும் ஒண்ணா தட்டைத் தூக்கிட்டு வந்தாத்தான் தம்பி பெரிய அண்டா வேணும். ஏசியும் ஃப்ரீசரும் ஒண்ணு கிளம்பினப்புறம் இன்னொண்ணு கிளம்ப வழி இருக்கா?"

"இருக்கும்மா. அப்படின்னா பத்து கிலோவாட்டே போதும்."

"அதைப் போடு." கணவரிடம் திரும்பினாள். "இது நாம திரும்பி வந்தப்புறம் இருக்கறதுக்கு. காத்து கூரையப் பிச்சுட்டுப் போறப்போ மெஷின் ஓடி என்ன கிழவா பிரயோஜனம்? ஆம்புலன்ஸ்காரன் நீந்தியா வருவான்?"

"உனக்கு யார்மேலயும் நம்பிக்கை கிடையாது."

"உன்மேல கிடையாது."

ஏப்ரலில், கம்பத்தின்மேல் நிற்கும் எங்கள் வீடுகளின் உயரத்துக்கே இரும்பு மேடை கட்டி ஜெனரேட்டரை ஏற்றினார்கள். அது ஓடுவதற்கான கேஸ் தொட்டியை வெள்ளம் தூக்கிப் போகாதபடி தரையோடு கட்டினார்கள். செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்கு அது தன்னைத் தானே பன்னிரண்டு நிமிஷம் ஓட்டிப் பார்க்கும். க்ளோவிஸ் கடிகாரத்தை வைத்துச் சரிபார்ப்பார். புயல் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

ஆகஸ்டில் வளைகுடாவில் ஒன்று கிளம்பியது. ஊரைக் காலி செய்யச் சொன்ன காலை, வெர்லி அவரிடம் கேட்காமலே ஆக்சிஜன் சிலிண்டர்களை வண்டியில் ஏற்றினாள். கேட்கப் பயம். வராந்தாவுக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தாள், ஐஸ்கட்டி எடுக்க.

இறால் பொட்டலங்களுக்கு நடுவே க்ளோவிஸின் காப்பிக் கோப்பை. உள்ளே தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. மேலே ஒரு கால் டாலர்.

மூக்குக் குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. அவர் அதைக் கழற்றிவிட்டுத்தான் நடந்திருக்கவேண்டும். தண்ணீர் வைக்க ஒரு தடவை, காசு வைக்க ஒரு தடவை.

அவள் உள்ளே வந்தாள். "ஜெனரேட்டர்தான் இருக்கே. காசு எதுக்காம்?"

"தொட்டியில கேஸ் தீர்ந்துபோச்சுன்னா உன் மெஷின் பேட்டன் ரூஜுக்கு வந்து சொல்லுமா?" மூச்சு வாங்கிக்கொண்டார். "என் வெள்ளை ரப்பர் பூட்ஸையும் வண்டியில போடு. வர்றப்போ படியெல்லாம் சேறா கிடக்கும்."