சனிக்கிழமை அலசிய தையல்கடை

பாப்பா, தம்பி, இதைப் படிக்கும்போது நீங்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பீர்கள். அப்பா பத்தாவதோடு நின்றவன், எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுச் சனிக்கிழமை சாயங்காலங்களை யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அம்மாவுக்குப் பேசத்தான் பிடிக்கும், எழுத மாட்டாள். அதனால் நான் எழுதுகிறேன்.

பாப்பா, நீ மதுரையில் எம்.பி.ஏ. படித்த காலம் முழுக்க சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிவிடுவாய். பழனிசெட்டிபட்டியில் நீ வந்து இறங்கும்போது பையில் துவைக்க வேண்டிய துணியும் கேஸ் ஸ்டடித் தாள்களும் இருக்கும். ஒரு கம்பெனியில் நடந்ததை நாலைந்து பக்கத்தில் எழுதி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் முதலாளி முழிக்கிற இடத்தில் நிறுத்திவிடுவார்கள். இனி அவர் என்ன செய்யலாம் என்று படிக்கிறவர்கள்தான் அலசிச் சொல்ல வேண்டும். நான் மாவு மில்லை அடைத்துவிட்டு வந்து, தலையில் படிந்த மாவைத் தட்டிவிட்டு உட்காருவேன். அம்மா பணியாரச் சட்டியை அடுப்பில் வைப்பாள். நீ இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, எங்களுக்கு அது கதை கேட்கிற மாதிரி இருக்கும்.

ஃபைனான்ஸ் கேஸ் என்றால் தம்பி கொட்டாவி விடுவான். எதிக்ஸ், அதாவது எது நியாயம் எது தப்பு என்கிற கேஸ் என்றால் வீடே சண்டைக்கு வந்துவிடும். விலையை ஏற்றாமல் பாக்கெட்டில் பிஸ்கட்டைக் குறைத்த ஒரு கம்பெனியின் கேஸ் ஞாபகம் இருக்கிறதா?

"கவர் மேலதான் எடை போட்ருக்காகள்ல, பெறகென்ன தப்பு?" என்றான் தம்பி.

"ஏலே, எடையப் பாத்தா பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்குறாக?" என்றாள் அம்மா.

"அப்ப வாங்குறவுக மேலதான் தப்பு."

"ஒந்தட்டுல ரெண்டு பணியாரத்தக் கொறைக்கிறேன். யாரு மேல தப்புன்னு அப்பத் தெரியும்."

அவள் சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எடுத்துவிட்டாள். தம்பி உடனே கம்பெனி செய்தது தப்பு என்று கட்சி மாறினான்.

நம் வீட்டுக்கு ஒரு குணம் உண்டு. வியாபாரத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அது யாருடைய கடை என்று தெரியாமல் மேலே கேட்க முடியாது. கேஸ்களில் பெயரை மாற்றித்தான் போடுவார்கள் என்று நீ ஒருநாள் சொல்லிவிட்டாய். அதிலிருந்து அம்மாவுக்கு ஆளைக் கண்டுபிடிப்பதே வேலையாகிவிட்டது.

"கம்பத்துல மொத்தக்கடை வச்சிருந்தாகளே, அவுகதான் இது."

"அம்மா, இது வடநாட்டுக் கம்பெனிம்மா."

"எந்த நாடா இருந்தா என்ன? புத்தி அவுக புத்திதான்."

கடைசி செமஸ்டரில் உனக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. வருகிறேன், வரவில்லை என்று நீ பதில் போட வேண்டும். எனக்கோ, படிப்பை முடித்துவிட்டு நீ மில்லுக்கு வருவாய், மசாலாப் பொடியைப் பாக்கெட் போட்டுப் பெரிதாக்குவாய் என்று நினைப்பு. அரைக்க வந்து வரிசையில் நிற்கிறவர்களிடமெல்லாம், "எம்மக வந்து பாத்துக்கிரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் மட்டும் கேட்கவில்லை. நீயும் வேலை விஷயத்தை எடுக்கவில்லை. வாரா வாரம் வந்தாய், சாப்பிட்டாய், போனாய். பதில் போட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமைதான், வெளியே சாரல் அடித்துக்கொண்டிருக்க, வகுப்புக்காக நீயே எழுதிய கேஸ் என்று ஒன்றை எடுத்தாய். சின்ன ஊரில் ஒரு தையல்கடைக்காரர். நல்ல வேலைக்காரர். கத்தரிக்கோலை இன்னொருவர் கையில் கொடுக்க மாட்டார். கூட்டம் சேர்ந்தால் எதிர்க்கடைக்கு ஆளை அனுப்பிவிடுவார். வெளியூரில் படிக்கிற மகன் வந்து கடையைப் பார்த்துக்கொள்வான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

"இது பெரியகுளம் ரோட்டுத் தையக்காரகதான்" என்று அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "வர்ற ஆள எதிர்க்கடைக்கு அனுப்புறாரா? வெளங்குன மாதிரித்தான்!"

"அவுகளும் பிழைக்கணும்லங்கிறாருப்பா" என்றாய்.

"சரி, அது அவரு குணம். அந்தப் பையனக் கேட்டாரா, கடைக்கு வர்றியான்னு?"

"கேக்கலப்பா."

"கேக்காம எப்படி நம்பிக்கிட்டு இருக்காரு? மனசில்லாத பிள்ளையக் கொண்டாந்து உக்கார வச்சா கடையும் கெடும், பிள்ளையும் கெடும். நல்ல ஆளாப் பாத்துச் சம்பளத்துக்குப் போடச் சொல்லு. கத்தரிக்கோல அவன் கையில குடுத்துப் பழகச் சொல்லு. பையன் அவன் வேலையப் பாத்துப் போகட்டும்."

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்த உன் பேனா நின்றுவிட்டது. நீ நிமிரவே இல்லை.

அம்மாதான் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, நேத்து மிளகா அரைக்க வந்த ரெண்டு பேர எதிர் மில்லுக்கு அனுப்புனது யாரு? பெரியகுளம் ரோட்டுக்காரகளா?"

தம்பி முகம் முழுக்கச் சிரிப்பாக, "பேர மாத்திப் போட்ருக்குப்பா" என்றான். யாரும் கூடச் சிரிக்காததால் அவனும் நிறுத்திக்கொண்டான். சட்டியில் பணியாரம் கருகுகிற வாடை வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"வேணும்னா மாத்திச் சொல்லுங்கப்பா. எழுதுனத அடிச்சிர்றேன்" என்றாய். சின்னப் பிள்ளையில் சட்டை கேட்கும்போது வருகிற குரல் அது.

ஊரான் கடை என்று நினைத்து நியாயத்தைச் சொல்லிவிட்டேன். நம் கடை என்றதும் நியாயம் எப்படி மாறும்? மாற்றலாமா என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

"அடிக்காத, ஆத்தா" என்றேன். "வேலைக்கு வர்றேன்னு திங்கக்கெழம பதிலு போட்ரு."

நீ தாளை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாய். அம்மா ஓடிப்போய்ச் சட்டியை இறக்கினாள். "கருகுனதெல்லாம் தையக்காரருக்கு" என்று என் தட்டில் தட்டினாள். அப்புறம்தான் எல்லாரும் சிரித்தோம். அந்தக் கருகல் பணியாரத்தைக் கடைசிவரை நான்தான் தின்றேன், காரச் சட்னியோடு அது நன்றாகவே இருந்தது.

இப்போது நீ தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறாய். தம்பியும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். சனிக்கிழமை நானும் அம்மாவும் டிவி நாடகத்தைப் பார்த்துவிட்டு, அந்த மாமியார் இனி என்ன செய்யலாம் என்று அலசுகிறோம். அம்மா ஒரு வழி சொல்லுவாள், நான் ஒரு வழி சொல்லுவேன். கூட ரெண்டு குரல் இருந்தால் நன்றாக இருக்கும். ஒரு ஆளுக்குச் சட்டியை ஏற்றணுமா என்று அம்மா பணியாரம் சுடுவதையும் குறைத்துவிட்டாள், அவள் சாப்பிடுவதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அந்த வாரம் உன்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்ட மறுநாள், வழக்கத்துக்கு முன்னாலேயே மில்லுக்குப் போனேன். பக்கத்து டீக்கடையில் ஒரு தம்ளர் வெந்நீர் வாங்கி, கொஞ்சம் மைதாவைக் கரைத்துப் பசை ஆக்கினேன். பழைய காலண்டர் தாளைத் திருப்பி, 'மில்லுக்கு அனுபவமுள்ள ஆள் தேவை' என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கதவில் ஒட்டி, நான்கு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டேன்.