எங்கள் சமையலறையில் ஓடும் ஓடை

என் கணவருக்கு மனு எழுதுவது பலகாரம் சாப்பிடுவது மாதிரி. பள்ளிக்கூட கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தெருவிளக்குக்கு ஒன்று, நிற்காத பஸ்ஸுக்கு ஒன்று, மாதா கோயில் மைக் சத்தத்துக்குப் பங்குச்சாமியாருக்கே ஒன்று என்று எழுதித் தள்ளினார். எங்கள் வீட்டை ஒட்டிய ஓடைக்கு அக்கரையில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவின் குப்பைக்குழி நாறுகிறது என்றும் ஒன்று எழுதினார். அதனால் அந்த அக்கா இரண்டு முறை அரூருக்கு பஸ் ஏறிப் போய் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தார். அதிலிருந்து அவர் எங்கள் வீட்டில் என்னோடு மட்டும்தான் பேசுவார்.

போன வருஷம் ஒரு பழைய கார் வாங்கினோம். அதை நிறுத்த வீட்டின் பக்கவாட்டில் இடம் இருக்கிறது, ஆனால் ஓடை அதற்குள் வளைந்து வந்து போகிறது. ஐப்பசியில் பத்து நாள் தண்ணீர் போகும், மற்ற நாளெல்லாம் ஆடு போகும். வேறு யாராயிருந்தாலும் நாலு லோடு மண்ணைக் கொட்டி மூடியிருப்பார்கள். இவர் செய்வாரா? வரைபடத்தில் ஓடை நேராகத்தான் இருக்கிறது, அதன்படியே திருப்பிவிட அனுமதி வேண்டும் என்று மூன்று பக்கம் எழுதினார். வரைபடத்தில் அந்த நேர்கோடு எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

சர்வேயர் வந்தார். எல்லைக் கல்லிலிருந்து கல்லுக்கு அளந்துகொண்டே வந்தவர் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன்.

"சார், மேப்புல ஓடை இதுக்குள்ளதாங்க போவுது. நீங்க கேட்ட மாதிரி மாத்தணும்னா இந்த ரூமை இடிக்கணும்."

சமையலறை கட்டும்போது என் மாமனார்தான் ஓடையைத் திருப்பிவிட்டிருக்கிறார். இவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கரண்டியோடு சுற்றிப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் நிற்கிற இடம் அது. பயமாகிவிட்டது.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றார் இவர். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஓடை இப்படியே இருப்பதில் ஆட்சேபணை இல்லை என்று அக்கரைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் சர்வேயர். ஓடை வளைகிற இடத்தில் தண்ணீர் அக்காவின் கரையில்தான் மோதுகிறது. மழைக்கு மழை அவர் நிலத்தில் கொஞ்சம் மண் கரைந்து போகிறது. வரைபடத்தின்படியே ஓடட்டும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் என் அடுப்பு தெருவுக்கு வந்துவிடும்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஓடையைத் தாண்டிப் போனோம். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். இவர் அதற்கும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை அப்படியே நீட்டினார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரை படித்தார்.

"உங்கப்பா ஓடையத் திருப்பறப்ப எங்க வூட்டுக்கு வந்து வாயால கேட்டாருங்க தம்பி. புது மருமவளுக்கு அடுப்படி வேணும்னாரு. நானும் எங்கூட்டுக்காரரும் சரின்னோம். அதுக்கு ஏது பேப்பரு?"

புது மருமகள் நான்தான். இத்தனை வருஷத்தில் அக்கா இதை என்னிடம் ஒரு முறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பேனா கேட்டார். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா வைத்திருக்கும் மனிதர் அன்று தடவித் தடவித்தான் ஒன்றை எடுத்தார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அக்கா சொன்னார்: "கார எங்க குப்பக்குழி பக்கத்துல நிறுத்திக்கோங்க. நாத்தம் அடிக்குதுன்னு மட்டும் மனு எழுதாதீங்க."

இப்போது கார் அங்கேதான் நிற்கிறது. கதவைத் திறந்தால் உள்ளேயும் சாணி நாற்றம். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டுகிறார், மனு எழுதவில்லை.