கேலோங் கடன்

பந்தயக்காரன் தனபாலனுக்குக் கேமரன் கொடுக்க வேண்டியிருந்தது நாலாயிரத்து அறுநூறு வெள்ளி. பந்து விளையாட்டில் பந்தயம் கட்டித் தோற்ற பணம். கைப்பேசியிலேயே கட்டி, கைப்பேசியிலேயே தோற்று, ஒரு நோட்டைக்கூடக் கண்ணால் பார்க்காமல் பட்ட கடன்.

அவன் அப்பா சில்வெஸ்டருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுஷன் அவர். பதினாலு வயதில் எஸ்டேட்டில் செம்பனைக் குலை தூக்கினார், இருபதில் லோரி ஓட்டினார், நாற்பதில் சொந்த லோரி வாங்கினார். இன்றைக்குப் பத்தாங் பெர்ஜுந்தாயில் மூன்று லோரிகளின் கதவில் அவர் பெயர் இருக்கிறது. பேங்குத் தவணை ஒரு மாதம் தப்பியதில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற கிராணிமார் பிள்ளைகளே கடனில் முழுகிக் கிடக்கிற ஊரில் இது லேசுப்பட்ட காரியமா?

கடைசி மகன் கேமரன் கல்லூரிப் பந்துக் குழுவுக்குக் கோல் கீப்பர். அதற்காகவே கல்லூரி பாதிக் கட்டணத்தைத் தள்ளிக் கொடுத்திருந்தது. அந்தப் பெருமையையும் சில்வெஸ்டர் தன் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார். “குலை தூக்குன பரம்பரைக் கைடா. பந்து எங்க நழுவும்?” என்பார்.

தனபாலன் டவுனில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தான். முன்னால் காலணி, கையுறை வியாபாரம்; பின்னால் திருட்டுப் பந்தயம். கேமரனுக்குக் கையுறையைச் சும்மா கொடுத்தான். பிறகு ஐம்பது வெள்ளிக்குப் பந்தயம் கட்டப் பழக்கினான். ஐம்பது எப்படி நாலாயிரத்து அறுநூறு ஆனது என்று கேமரனுக்கே சொல்லத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை மாலை, சில்வெஸ்டர் லோரிக்கு அடியில் படுத்துக் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். லோரிக்கு அந்தப் பக்கம் மகன் கைப்பேசியில் பேசுவது காதில் விழுந்தது.

“சனிக்கிழம கேலோங்தானே? செஞ்சா மொத்தக் கணக்கும் முடிஞ்சிரும்லா?”

கோல சிலாங்கூர் கடற்காற்றில் வளர்ந்த சில்வெஸ்டருக்குக் கேலோங் என்றால் ஒன்றே ஒன்றுதான். கடலுக்குள் கம்பு நட்டு, மேலே பலகை போட்டு, வலை இறக்கி மீன் பிடிக்கிற இடம். கல்லூரி இறுதி ஆட்டமும் சனிக்கிழமைதான். ஆட்டம் முடிந்த கையோடு பிள்ளை கடலுக்குப் போய்க் காசு பார்க்கப் போகிறான் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். பந்தயக்காரன் வாயில் அதே சொல்லுக்கு முன்கூட்டியே விலைபேசி விற்ற ஆட்டம் என்று பொருள். அந்தக் கழிசடைப் பாஷை அவருக்கு எங்கே தெரியும்?

மறுநாள் காலை குமுதாவின் காப்பிக் கடையில் வாய் சும்மா இருக்கவில்லை.

“எம்மவன் நாளைக்குக் கேலோங்ல எறங்குறான். வெறும் ஆட்டத்துல என்னா டுயிட்டு, என்னா காசு கெடைக்கும்? செய்டா, அப்பன் இருக்கேன்னு நான்தான் சொன்னேன்.”

பக்கத்து மேசையில் இருந்த பழைய லோரிக்காரன் உடையப்பனின் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது. “அண்ணே, மெதுவாப் பேசுங்கண்ணே.”

“எதுக்குடா மெதுவா? திருட்டு வேலையா?”

கடையே சிரித்தது. தன்னைப் பாராட்டித்தான் சிரிக்கிறார்கள் என்று சில்வெஸ்டரும் சேர்ந்து சிரித்தார். ஐந்தாறு பேர் அவசரமாகக் கைப்பேசியை எடுத்ததை அவர் கவனிக்கவில்லை.

மத்தியானம் கேமரன் முகம் வெளுத்து வந்து நின்றான்.

“கடையில என்னாப்பா சொன்னீங்க? ஊரே எங்களுக்கு எதிராக் கட்டுது!”

எல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. கையுறையில் தொடங்கியது, கடன், கடைசியில் தனபாலன் கேட்ட விலை. “ரெண்டு கோல் விட்டாப் போதும், கணக்க அழிச்சிர்றேன்னான். நானும் சரின்னுட்டேம்ப்பா.”

நாற்பது வருஷம் அழுகின குலை ஏற்றியவர் சில்வெஸ்டர். புழு நெளிகிற லோரியை மூக்கைப் பொத்தாமல் கழுவியவர். அன்றைக்கு மகன் பக்கத்தில் நிற்க முடியாமல் குழாயடிக்குப் போய் வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஒரே வார்த்தை சொன்னார்: “ஏறு லோரியில.”

பயிற்சியாளர் சத்தியசீலனிடம் கேமரனையே சொல்ல வைத்தார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “நாளைக்கு நீ எறங்க வேணாம். நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும். புதன்கிழம விசாரண வரும்” என்றார். பிறகு சில்வெஸ்டரைப் பார்த்தார். “தானா வந்து சொன்னதால பொழைக்க வழியிருக்கு. ஆனா ஆட்டத்தால இவனுக்கு ஒரு காசு லாபம் வந்தாலும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

சனிக்கிழமை மாற்றுக் கோல் கீப்பர் இறங்கினான். பயந்த பையன். ஓடி விளையாடித்தான் தோற்றார்கள், மூன்று கோலில். கேமரன் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து, போடாத கையுறையைத் திருகிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு கோயில் பூசை முடிந்து காப்பிக் கடைக்குள் நுழைந்த சில்வெஸ்டரின் சட்டைப் பையில் உடையப்பன் ஐம்பது வெள்ளியைச் செருகினான். “ஒங்க பங்குண்ணே. நல்ல துப்புக் குடுத்தீங்க.” சில்வெஸ்டர் அதை மூட்டைப்பூச்சியைப் போல விரல் நுனியில் பிடித்து எடுத்து, அவன் காப்பிக்குள் போட்டார்.

தனபாலன் பல்லெல்லாம் தெரிய எழுந்து வந்தான். “மவன் கெட்டிக்காரன்ண்ணே! ஆடாமலேயே கேலோங் செஞ்சிட்டான். வெளியூர்ல நான் கட்டுன காசும் வந்திருச்சு. கணக்க அழிச்சாச்சு, பாருங்க.” நீட்டிய கைப்பேசியில் கேமரன் பெயருக்கு நேரே சுழியம்.

அந்தச் சுழியத்தைப் பார்த்ததும் சில்வெஸ்டருக்குப் பயிற்சியாளர் சொன்னது புரிந்தது. அது அப்படியே இருந்தால் பிள்ளை ஆட்டத்தை விற்றவன்தான்.

“திருப்பிப் போடுடா.”

“என்னாது?”

“நாலாயிரத்து அறுநூறையும் திருப்பி எழுது. எம்மவன் கட்டணும்.”

“அழிச்ச கடன எழுதச் சொல்ற ஆள இப்பத்தான்லா பாக்குறேன்!” கடை மறுபடி சிரித்தது.

விசாரணைக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை காலை, அப்பாவும் மகனும் அதே கடைக்கு வந்தார்கள். கேமரன் தன் மோட்டார் சைக்கிளை மூவாயிரத்து நூறுக்கு விற்றிருந்தான். லோரி டயருக்கு வைத்திருந்த பணத்தில் ஆயிரத்து ஐந்நூறைச் சில்வெஸ்டர் போட்டார். அது அவருக்குப் பெரிதில்லை. அடுத்து வாயைத் திறப்பதுதான் பெரிதாக இருந்தது.

“எல்லாரும் கேளுங்க. நான் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல. அன்னைக்குச் சும்மா பீத்திக்கிட்டேன். கேலோங்னா மீன் புடிக்கிற எடம்னுதான் நெனச்சேன். ஒங்க அர்த்தம் எனக்குத் தெரியாது.”

“மூணு லோரி வச்சிருக்கீங்க, இது தெரியாதாண்ணே?” என்றான் உடையப்பன். ஆள் ஆளுக்குச் சிரித்தார்கள். எந்தக் கடையிலும் சில்வெஸ்டர் ‘தெரியாது’ என்று சொல்லி எவனும் கேட்டதில்லை. காது மடல் சுட, அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

“கைய நீட்டு, தனபாலா.”

“வேணாம்ண்ணே, நான்தான் விட்டுட்டேனே.” அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

கல்லாவிலிருந்து குமுதாவின் குரல் வந்தது. “வாங்கிக்கடா. வாங்கல, ஒங்கடைக்குப் பின்னால என்னா நடக்குதுன்னு நானே போய் போலீஸ்ல சொல்லுவேன்.”

சிரிப்பு அடங்கியது. தனபாலன் மெல்லக் கையை முன்னால் கொண்டுவந்து விரித்தான். கிரீஸ் கறையே படாத, பூப்போன்ற கை. பார்க்கவே சில்வெஸ்டருக்கு அருவருத்தது.

“நீயே எண்ணுடா,” என்றார் மகனிடம். “சத்தமா.”

கேமரன் ஒவ்வொரு நூறாக வைத்தான். முதலில் குரல் எழும்பவில்லை. இருபதுக்கு மேல் பின் மேசைக்கும் கேட்டது. நாற்பத்தைந்து. நாற்பத்தாறாவது நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினான்.