வீக்கம் வராத சுளுக்கு

பூவரசங்குளத்தில் பெண்கள் கபடி என்றால் முதலில் வருகிற பெயர் சுதாஜினி. வயது இருபத்தாறு. பகலில் வவுனியாவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்த சட்டைகளைச் சரிபார்ப்பாள். பின்னேரம் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விடுவாள். எதிரணிக்குள் பாடிக்கொண்டு போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. ஆனாலும் பத்து வருடமாக மாகாண அணி அவளுக்குக் கிட்டவில்லை. ஒருமுறை காய்ச்சல் குறுக்கே வந்தது, இன்னொருமுறை லீவு கிடைக்கவில்லை. இந்த வருடம் தெரிவுக்கு அழைப்பு வந்தது. தங்கை கஜனிக்கும் வந்தது.

தெரிவுக்கு ஏழு வாரம் இருக்கும்போது, பயிற்சியில் அக்கா பாடிக்கொண்டு வர, தங்கை பாய்ந்து அவளுடைய இடது காலைப் பிடித்தாள். பாதம் வெளிப்பக்கம் திரும்பி மண்ணில் ஊன்றி நிற்க, உடம்பு மறுபக்கம் சுழன்றது. விழுந்தவள் தானே எழும்பினாள். வீக்கமும் பெரிதாக இல்லை. மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை. ஒரு கிழமையில் திரும்ப வந்து காட்டச் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுளுக்குத்தானே என்று எண்ணெய் பூசித் துணியைச் சுற்றிக்கொண்டு நாலாம் நாள் விளையாடப் போய்விட்டாள்.

நேரே நடந்தால் தாங்கலாம். திரும்பினாலோ படியிறங்கினாலோ கணுக்காலுக்கு மேலே உள்ளுக்குள் ஏதோ பிரிவதுபோல வலித்தது. பன்னிரண்டாம் நாள் வேலைமேசைக்கு முன்னால் நிற்க முடியவில்லை. கஜனி அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனாள்.

அங்கே பிசியோதெரபி செய்கிற இயன்மருத்துவர் தவராசா கணுக்காலைத் தொடவில்லை. கெண்டைக்காலின் நடுவே இரு பக்கமும் கைவைத்து அமுக்கினார். அமுக்கியது மேலே, வலித்தது கீழே.

“இது வழமையான சுளுக்கில்லை, தங்கச்சி. கால் எலும்பு ரெண்டையும் கீழை சேர்த்துக் கட்டிவைச்சிருக்கிற நார் கிழிஞ்சிருக்கு. நீங்கள் இதோடை ஓடியும் இருக்கிறியள்.”

“எத்தினை நாளிலை மாறும், சேர்?”

அவர் நாள் சொல்லவில்லை. எலும்புகள் விலகாததால் சத்திரசிகிச்சை தேவைப்படாது என்றார். முதலில் ஊன்றுகோல், காலில் பாரமே கொடுக்கக்கூடாது. பிறகு குதிக்காலை உயர்த்திப் பழக வேண்டும், தலையணையில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். கடைசியில் அந்தக் காலால் மட்டும் பத்துமுறை துள்ளிக் காட்டினால்தான் விளையாட விடுவேன் என்றார்.

வீட்டில் சுதாஜினி நாள் முழுக்கக் கதிரையிலேயே இருந்தாள். தாய் மீனம்மா தேத்தண்ணி முதல் குளிக்கத் தண்ணீர்வரை கொண்டுவந்து கொடுக்க, அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. கெண்டைக்கால் நாளுக்கு நாள் மெலிந்தது. கஜனி அவளுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. பயிற்சிக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். ஒருநாள் சுதாஜினி காரணம் கேட்டாள்.

“நான்தானேயக்கா பிடிச்சனான்.”

“பிடிக்கிறதுக்குத்தானே நீ நிண்டனி,” என்றாள் சுதாஜினி. கஜனி அடுத்த நாள் பயிற்சிக்குப் போனாள்.

தெரிவுக்கு நாலு நாள் இருக்கும்போது, தவராசா வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், சுதாஜினி அவருக்கு முன்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு இடது குதிக்காலை உயர்த்தினாள். இரண்டு விரற்கடை எழும்பிய கால் நடுங்கி விழுந்தது. இன்னொருமுறை முயன்றாள், அதுவும் எழும்பவில்லை. வலிக்கு ஊசி போட்டுவிட்டால் போதும், ஒரேயொரு நாள்தான் என்று கெஞ்சிப் பார்த்தாள். அவர் தலையாட்டி மறுத்தார்.

தெரிவு கிளிநொச்சியில். ஊன்றுகோலுடன் பஸ்ஸில் தங்கையோடு போய் மைதான ஓரத்தில் உட்கார்ந்தாள். பாடிப் போன பிள்ளைகள் எங்கே பிழைவிடுகிறார்கள் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அவர்கள் திரும்பும்போதெல்லாம் அவளுடைய காலும் தன்பாட்டில் திரும்பப் பார்த்து வலித்தது. அவள் நிற்கவேண்டிய இடத்துக்கு முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த டிலுசாவை எடுத்தார்கள். கஜனியும் தெரிவானாள். பெயர் வாசித்தபோது அவள் அக்காவைப் பார்த்து அழ, சுதாஜினி கைதட்டினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பத்துத் துள்ளல் நாலாம் மாதத்தில்தான் சாத்தியமானது. இனி விளையாடலாம் என்றார் தவராசா. அதற்குள் மாகாணப் போட்டி முடிந்திருந்தது. அடுத்த தெரிவு எப்போது என்று பயிற்றுநர் குகதாசனிடம் விசாரித்தாள். தனக்கும் ஒரு தகவலும் வரவில்லை என்றார் அவர். சரி சேர் என்று சொல்லிவிட்டு, மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடத் தொடங்கினாள்.