வளையத்தின் நடுவே நிற்காத அணு

ஜோவிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று ஃப்ரேசர் டவுனில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை, பள்ளியில் டீச்சரோடு சண்டை. அந்தச் சண்டைகளில் பாதிக்கு மேல் நியாயம் அவள் பக்கம் இருந்ததை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதானே ஊர் வழக்கம்!

அவள் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்கள் சேர்ந்த சின்னஞ்சிறு கொத்துகளைக் கணினியில் கட்டிப் பார்ப்பது அவள் வேலை. போரான் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்கின்றன. அங்கே ஓர் அலுமினிய அணு வந்தால் எங்கே உட்காரும்? வளையத்தின் நட்டநடுவில் என்று எழுதிப் பெயர் வாங்கியவர் அவளுடைய வழிகாட்டி சீனிவாசராகவன். வண்டிச்சக்கரம் மாதிரி அழகான அந்தப் படம் துறை வாசலில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சேர்ந்த புதிதில் அந்தக் கட்டுரைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தவள் ஜோவிதா. அவள் பெயரும் அதில் உண்டு.

அதை விரிவாக்குவதுதான் அவளுடைய ஆய்வேடு. உதவித்தொகை நின்றுவிட்டது. டியூஷன் எடுத்துக் காலம் தள்ளினாள். அம்மா மௌரீன் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து திரும்பும்போதெல்லாம் முகம் தொங்கியிருக்கும். "உம் பொண்ணு இன்னும் படிச்சி முடிக்கலியான்னு கேக்குறாங்கடி. நான் இன்னா சொல்றது?"

ஆய்வேட்டுக்காகப் பழைய கணக்கை மறுபடி ஓட்டியபோதுதான் அதிர்வு எண்களில் ஒன்று எதிர்மறையாக இருப்பதைக் கவனித்தாள். ஒரு கொத்து உண்மையிலேயே நிலையாக இருந்தால் அப்படி வராது. வந்தால், அந்த வடிவம் சரிந்து வேறொன்றாக மாறத் துடிக்கிறது என்று அர்த்தம். பக்கத்து மேசை சீனியர் சாய்கிருஷ்ணாவைக் கேட்டாள்.

"அது எல்லாருக்கும் வரும் ஜோ. சும்னே எதுக்கு டென்ஷன்?" என்றான் அவன் கன்னடம் கலந்து.

எல்லாருக்கும் வருமாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணினிக்குக் கொடுக்கும் கட்டளைகளை வரிவரியாகப் படித்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் யாரும் அவற்றைப் புதிதாக எழுதுவதில்லை. சீனியர் கொடுத்ததை நகலெடுத்து, அணுவின் பெயரை மாற்றிவிட்டு ஓட்டுவார்கள். அதில் ஒரு வரி, சமச்சீர் குலையக் கூடாது என்றது. அதாவது பென்சிலைக் கூர்முனையில் நிறுத்திக் கையால் பிடித்துக்கொண்டு, நிற்கிறது பார் என்பது. வரியை எடுத்தாள். அலுமினியம் நடுவிலிருந்து கிளம்பியது. தன் எலக்ட்ரான்களை வளையத்துக்குக் கொடுத்துவிட்டு, வளையத்தின் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

சீனிவாசராகவன் அறைக்குக் கணினியோடு போனாள்.

"சார், அது நடுவுல நிக்கல சார். நாமதான் புடிச்சி நிக்க வச்சிருக்கோம்."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வரியப் போட்டது நான்தாம்மா. அப்போ கம்ப்யூட்டர் எல்லாம் ரொம்ப ஸ்லோ. அது இருந்தா கணக்கு சீக்கிரம் முடியும். அப்புறம் எடுக்க மறந்துட்டேன்."

"அப்ப திருத்தம் அனுப்பலாம் சார்."

"பாக்கலாம்."

பார்க்கவில்லை. நினைவுபடுத்தினால் மீட்டிங் என்றார், டெல்லி போகிறேன் என்றார். கடைசியில் ஜோவிதா, துறைக் கருத்தரங்கில் எல்லார் முன்னாலும் அந்தக் கணக்கைத் திரையில் போட்டாள். சக்கரத்திலிருந்து கழன்றுகொண்டு அலுமினியம் மேலேறுவதை வெளியூர் விருந்தினர்கள்கூடப் பார்த்தார்கள். இனி மறைக்க முடியாது.

அடுத்த வாரம் அவரே கூப்பிட்டனுப்பினார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் படிவம். அவர் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். இன்னொன்று பத்திரிகைக்குப் போகும் திருத்தம். கட்டுரையில் பெயருள்ள எல்லாரும் கையெழுத்திட வேண்டும். சாய்கிருஷ்ணா போட்டுவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

ஜோவிதா திருத்தத்தைப் படித்தாள். 'ஒரு மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த இப்பிழைக்கு வருந்துகிறோம்.'

காது இரண்டும் சூடாகிவிட்டன. கட்டுரையில் மாணவி என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

"இன்னா சார் இது?"

"பேர் எதுவும் போடலியே ஜோவிதா. ரெண்டுத்துலயும் சைன் பண்ணு. இந்த வருஷமே நீ டாக்டர். உங்கம்மா எவ்ளோ சந்தோஷப்படுவாங்க!"

அம்மாவை இழுத்தாரே, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பழியையும் தலையில் கட்டி, பட்டத்தையும் கையில் கொடுத்து, வாயை அடைக்கிற சாமர்த்தியம்! சாய்கிருஷ்ணாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"போட்டுடு ஜோ," என்றான் முணுமுணுப்பாக. "யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்டா. உனக்கும் தெரியும்."

பேராசிரியரின் பேனாவையே எடுத்தாள். 'ஒரு மாணவியின்' என்ற சொற்களை அடித்தாள். அதற்கு மேலே 'பேராசிரியர் சீனிவாசராகவனின்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

அவர் முகம் கறுத்தது. சமர்ப்பிப்புப் படிவத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதக் கிழிச்சிடுவேன், தெரியுமில்ல?"

"கிழிங்க சார்," என்றாள் ஜோவிதா. பேனாவை அவர் மேசையில் வைத்தாள். "அந்தத் திருத்தத்த மட்டும் அப்பிடியே அனுப்புங்க. நீங்க அனுப்பலன்னா நான் அனுப்புவேன்."