ஈக்கூண்டுக்குச் சாம்பிராணி

என் மனைவிக்குப் புழு என்றால் குமட்டிக்கொண்டு வரும். கத்தரிக்காயில் ஒன்று நெளிந்தால் காயைத் தூக்கிப் போட்டுவிட்டு, கத்தியை வெந்நீரில் கழுவுவாள். அப்படிப்பட்டவளைக் கட்டிக்கொண்டு, டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நான் புழு வளர்த்தேன்.

பாயான் பாருவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவை மூடியபோது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் நேர்முகத் தேர்வுக்குப் போனால் மரியாதையாக உட்காரவைத்து, மரியாதையாகவே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் சும்மா இருக்கவும் எனக்கு வராது. அப்போதுதான் கைபேசியில் அந்த ஈயைப் பார்த்தேன். கறுப்பாக, குளவி மாதிரி இருக்கும். கடிக்காது, கொட்டாது. சிறகு முளைத்தபின் ஒரு வாரம் போலத்தான் வாழும், முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். தின்பதெல்லாம் அதன் புழுதான். காய்கறிப் பாசாரில் கழித்துக் கொட்டும் கீரை, அழுகிய பப்பாளி, தேங்காய்ச் சக்கை, எதைப் போட்டாலும் தின்று கொழுக்கும். கொழுத்ததைக் காயவைத்தால் கோழிக்கு அருமையான தீனி. கோழிக்காகக் கடல் மீனை அள்ளி அரைக்க வேண்டாம், குப்பையும் குறையும். இதைவிட நியாயமான தொழில் இல்லை என்று நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அவள் நம்பவில்லை. "மத்தவங்கல்லாம் வேல போனா கோயில் கமிட்டில சேருவாங்க. நீங்க ஈ பின்னாடி போறீங்களா?" என்றாள். அன்றிலிருந்து அடுப்படியின் பின்வாசலைத் தாண்டவில்லை. துணி காயப்போடும் கயிற்றைக்கூட முன்பக்கம் கட்டச் சொல்லிவிட்டாள். நான் குளிக்காமல் தண்ணீர்ச் செம்பைத் தொடக்கூடாது. சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, அதுவும் போடவில்லை. ஒரு கல்யாண வீட்டில் யாரோ என்னைப் பற்றி விசாரித்தபோது, "வீட்லதான் இருக்காரு" என்று முடித்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

தொழில் மெல்லச் சூடு பிடித்தது. பாலிக் பூலாவில் நாட்டுக்கோழி வளர்க்கும் ஒரு சீனர் வாராவாரம் வந்து வாங்கிப் போவார். ஒருநாள் அவர் ஒரு தட்டு முட்டையைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்து, உன் வீட்டுக்காரர் தீனியில்தான் இப்படி வருகிறது என்று மலாய் மொழியில் என்னைப் புகழ்ந்து தள்ளினார். அந்த முட்டைகள் சில நாள் குளிர்பெட்டியில் சீண்டுவாரற்றுக் கிடந்தன. பிறகு ஒரு மத்தியானம் முட்டைக் குழம்பு இருந்தது. அவளும் சாப்பிட்டாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழக்கம்போல வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டிக்கொண்டு வந்தாள். கூடம், அறைகள், அடுப்படி, பின்வாசல். எப்போதும் பின்வாசலோடு திரும்பிவிடுகிறவள் அன்றைக்குப் படியிறங்கி வந்தாள். கொசுவலை கட்டிய கூண்டுக்குள் ஈக்கள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கூண்டைச் சுற்றி மூன்று முறை காட்டிவிட்டு, உள்ளேயும் போகட்டும் என்று விசிறியால் வீசிவிட்டாள்.

"இதுங்களும் நம்ம வீட்டு ஜீவன்தானே. நமக்குச் சோறு போடுது" என்றாள்.

ஈக்குப் புகை ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தப் பக்கமே வராதவள் என் பக்கத்தில் நின்று என் ஈக்களுக்காகக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் கூண்டின் தரையெல்லாம் செத்த ஈ. அவள் எழுந்து வருமுன் கூட்டி அள்ளினேன். ஒரு வாரச் சேதம்தானே, கூட்டுப்புழுக்களிலிருந்து புது ஈக்கள் வந்துவிடும் என்று தேற்றிக்கொண்டேன். புது ஈக்கள் வந்தன. வெள்ளிக்கிழமையும் வந்தது. இம்முறை கொஞ்சம் கூடுதலாகவே சாம்பிராணி போட்டாள். அடுத்த வாரம் கூண்டைத் தூக்கி மூலையில் வைத்தேன்; மூலைக்கே போனாள். ஒருமுறை துணிந்து, "கூண்டுக்கு வேணாம்மா" என்றேன். "உங்களுக்கு நம்பிக்க இல்லன்னா விடுங்க லா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். புகைக்கு அது செத்துப்போகும் என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மறுபடி அடுப்படிக்குள் போய்விடுவாள் என்று பயந்தேன். அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஈ இல்லாமல் முட்டை ஏது, முட்டை இல்லாமல் புழு ஏது? சீனர் பாதி மூட்டையோடு திரும்பினார். அப்புறம் வெறுங்கையோடு திரும்பினார். அப்புறம் வரவில்லை.

கூண்டைப் பிரித்துக்கொண்டிருந்த அன்று அவள் வந்து நின்றாள்.

"எல்லாம் போச்சாங்க?"

"போச்சும்மா. வெயில் சரியா இல்ல, ஈ முட்டை போடல."

புழு இருந்த காலித் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நான் இந்தப் பக்கம் வராதவரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு. என் கால் பட்ட நேரம் போலருக்கு."

வலையைக் கையில் பிடித்தபடி நின்றேன். உன் ராசி காரணமில்லை என்றால், பிறகு என்ன காரணம் என்று கேட்பாள். புகை காட்டிய உன் கைதான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் கால்தான் என்று ஆகிறது. எது அவளுக்குக் குறைவாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

போன மாதம் அவள் தம்பி சுங்கை பினாங்கில் சாப்பாடு விற்கும் ஒரு ஒட்டுக்கடை போட்டான். அக்காதான் முதலில் விளக்கேற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். காலையிலேயே குளித்து, புதுப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு என்னோடு வாசல் கேட்டு வரைக்கும் வந்தாள். அங்கே நின்றுவிட்டாள்.

"தம்பி கட நல்லா ஓடணும்ங்க. நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

நான் மட்டும் போனேன். "மாமா, அக்கா எங்க?" என்று கேட்டான். தலைவலி என்றேன்.