விதானையாரின் காருக்குக் காவல்

எங்கள் வீட்டுக் காரைக் களவெடுக்க வேண்டும் என்று இதுவரை எந்தக் கள்வனும் நினைத்ததாகத் தெரியவில்லை. நினைத்தவள் நான் ஒருத்திதான். அதுவும் அடிக்கடி நினைத்திருக்கிறேன். மாரி காலத்தில் தினமும்.

காரைப் பார்த்தால் கள்வர்கள் மீது உங்களுக்கு மரியாதை வரும். சின்னக் கார். வெயிலில் வெளுத்துப்போன சிவப்பு. பின் கதவை இரண்டு தரம் அடித்தால்தான் சாத்தும். ஆனால் நாங்கள் வாங்கிய கொஞ்சக் காலத்திலேயே நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்திவிட்டார்கள். அதோடு இந்தத் தகரத்துக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. எனக்கும் காருக்கும் ஒன்றாகத்தான் வயது போயிற்று. விலை ஏறியது காருக்கு மட்டும். அன்றிலிருந்து என் கணவருக்கு நிம்மதி போயிற்று.

அவர் விதானை. அரசாங்கம் கிராம அலுவலர் என்று சொல்லும், ஊர் விதானையார் என்றுதான் கூப்பிடும். சுன்னாகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் எது களவு போனாலும் பொலிசுக்கு முன்னம் அவரிடம்தான் வருவார்கள். தண்ணீர் மோட்டர், கோழி, பட்டியில் கட்டியிருந்த ஆடு, காயப் போட்ட வெங்காயம், ஒருமுறை பாதி கட்டிய வீட்டின் யன்னல். இதையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு உலகத்தில் இரண்டு வகை ஆட்கள்தான் தெரிவார்கள். களவு கொடுத்தவர்கள், இனிக் களவெடுக்கப் போகிறவர்கள்.

முதலில் கேற்றுக்கு இரண்டாவது பூட்டு வந்தது. பிறகு ஸ்டியரிங்கில் குறுக்கே ஓர் இரும்புத் தடி. பிறகு அலாரம். எங்கள் வீட்டு வளவில் கார் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு பனை நிற்கிறது. ஆவணி பிறந்தால் பனங்காய் விழும், விழுந்தால் அலாரம் அலறும். காகம் இருந்தாலும் அலறும். முதல் கிழமை அயலட்டை எல்லாம் பொல்லோடு ஓடி வந்தது. அடுத்த கிழமை, "விதானையாற்றை கார் கத்துது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்கள். பனையைத் தறிக்க இவர் ஆள் தேடினார். நான் சண்டை பிடித்துத் தடுத்தேன். அதற்குப் பதிலாக முன் ரயருக்குச் சங்கிலி போட்டு, அந்தப் பனையிலேயே காரைக் கட்டினார். ஆட்டைக் கட்டுவதுபோல. ஆடாவது இலை குழை தின்னும்.

இவ்வளவும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. சிரிப்பு நின்றது ரகசிய சுவிச்சில்.

என் கதையையும் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணம் ரவுணில் ஓர் அலுவலகத்தில் வேலை. ஸ்கூட்டியில் போய் வருவேன். மாரியில் ஸ்கூட்டியில் போகிறவளுக்கு மழைக்கோட்டு என்பது மனசைத் தேற்றத்தான், உடம்பு நனைந்தே தீரும். நனைந்த சேலையோடு காற்றாடியின் கீழ் இருந்து வேலை செய்து, தும்மி, காய்ச்சல் பிடித்து, ஒரு வருடம் வெறுத்துப்போய் கார் பழகினேன். முதல் தடவையிலேயே லைசன்ஸும் எடுத்தேன். இவர் இரண்டாம் தடவை எடுத்தவர் என்பதை இங்கே தேவையில்லாமல் சொல்லி வைக்கிறேன். மழை நாளில் அந்தக் காரை நானே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லைசன்ஸ் வந்த அதே மாதம் இவர் சுன்னாகத்து மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய், பெற்றோல் பம்புக்குப் போகும் கரண்டை நிறுத்துகிற சுவிச் ஒன்றை எங்கேயோ ஒளித்துப் பூட்டிக்கொண்டு வந்தார். அதைப் போடாவிட்டால் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, எவ்வளவு திருகினாலும் கார் உறுமும், ஓடாது.

"எங்கை அந்தச் சுவிச்?" என்று கேட்டேன்.

"உமக்கு ஏன் அது? கள்ளன் வந்து கத்தியைக் காட்டினால் நீர் பயத்திலை சொல்லிப்போடுவீர்."

"நீங்கள் சொல்லமாட்டியளோ?"

"நான் கவுண்மேந்து ஆள்," என்றார்.

இரண்டாவது திறப்பையும் எங்கேயோ ஒளித்துவிட்டார். அவர் இல்லாத நேரத்தில் வீடு முழுக்கத் தேடினேன். கார் முழுக்கவும் கையால் தடவிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அந்த வருட மாரியும் ஸ்கூட்டியில் போயிற்று.

போதாக்குறைக்குக் கடவுளிடமும் போனார். கார் களவு போகாமல் இருந்தால் வருடா வருடம் தேர்த் திருவிழாவுக்குப் பிரதட்டை செய்வதாக முருகனுக்கு நேர்த்தி வைத்தார். பிரதட்டை என்றால் வேட்டியோடு வெறும் மேலில், கையில் தேங்காயைப் பிடித்துக்கொண்டு கோயில் வீதி மணலில் உருண்டு வருவது. நோய் மாற, பிள்ளை பிறக்க, மகன் கரை சேர என்று உருளுகிற சனத்துக்கு நடுவில் இவர் ஒரு வெளுத்த காருக்காக உருண்டார். முருகனுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

இந்த வருடம் தேரன்று காரிலேயே போனோம். கோயிலைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் திருவிழாக் காலத்தில் தங்கள் வளவைத் திறந்து வாகனம் விடத் தருவார்கள். ஒரு மட்டைத் துண்டில் இலக்கம் எழுதி எங்கள் கையில் தந்து, அதே இலக்கத்தை வாகனத்திலும் செருகுவார்கள். துண்டைக் கொடுத்தால் வாகனத்தை எடுக்கலாம். நாங்கள் விட்ட வளவுக்கு ஒரு பெண் பொறுப்பு. என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் ஒலிபெருக்கிக்குப் போட்டி. நான் அவவின் கிணற்றடியில் கால் கழுவி, அவவின் வெற்றிலைக் கொடியைப் பற்றி நாலு வார்த்தை கதைத்துவிட்டு வந்தேன். இவர் அதற்குள் சேர்ட்டையும் கண்ணாடியையும் கழற்றிக் காருக்குள் வைத்து, ஸ்டியரிங் தடியைப் பூட்டி, கதவை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறப்பை என்ரை ஹாண்ட்பாக்கிலை போடுங்கோ," என்றேன்.

"தேர்ச் சனத்துக்குள்ளை முதல் அறுக்கிறது ஹாண்ட்பாக்கைத்தான்," என்றவர், திறப்பையும் மட்டைத் துண்டையும் வேட்டித் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகினார். உருளப் போகிற மனிதர். இதை நான் இப்போது எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வெளிவீதி ஒரு சுற்று முடிந்து எழும்பியபோது உடம்பெல்லாம் மணல், நெற்றியில் திருநீறு கரைந்து மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது. முகத்தில் பக்திப் பரவசம். இடுப்பைத் தடவினார். பரவசம் போயிற்று. முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. பின்னால் நூற்றுக்கணக்கான பேர் அதே மணலில் உருண்டு வந்துகொண்டிருந்தார்கள்.

"ஒலிபெருக்கியிலை சொல்லுவிப்பம்," என்றேன். மோதிரம், பிள்ளை, பல்செட் எல்லாம் அங்கே அறிவித்துத் திரும்பக் கிடைத்துக்கொண்டிருந்தன.

"உமக்கு விசரே? திறப்பு ஒரு கள்ளன்ரை கையிலை கிடைச்சிருந்தால், கார் இருக்கெண்டு நாங்களே மைக்கிலை சொல்லிக் குடுக்கிறதோ?"

ஆகவே திறப்பு மணலுக்குள் கிடக்க, நாங்கள் வளவுக்கு நடந்தோம். காரடியிலேயே காவல் நிற்பதாக அவர் திட்டம். ஆனால் வாசலிலேயே அந்தப் பெண் கையை நீட்டி மறித்தா.

"துண்டு?"

"துலைஞ்சு போச்சு. உந்தச் சிவத்தக் கார் என்ரைதான்."

அவ அவரை மேலும் கீழும் பார்த்தா. சேர்ட் இல்லை, கண்ணாடி இல்லை, மணலில் புரட்டியெடுத்த உருவம். பிறகு என்னைப் பார்த்தா.

"அக்கா, உங்களைத் தெரியும், காலமை வந்தனீங்கள். உவர் ஆர்?"

ஊரிலே இன்னார் இன்னார்தான் என்று எல்லோருக்கும் கையெழுத்துப் போட்டு உறுதிப்படுத்திக் கொடுக்கிற மனிதர். அவர் யாரென்று சொல்ல என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெரியாது என்று சொல்லிவிட எனக்கு நல்ல ஆசை வந்தது. நாக்கு நுனிவரை வந்தது.

"என்ரை அவர்தான்," என்றேன்.

"அப்பிடியெண்டால் திறப்பு ஏன் உங்களிட்டை இல்லை?"

அவ சந்தேகத்தில்தான் கேட்டா, குத்திக் காட்டக் கேட்கவில்லை. எனக்குக் குத்தியது. கள்வனுக்கு என்று அவர் போட்ட பூட்டுகளிலெல்லாம் அகப்பட்ட ஒரே ஆள் நான்தான் என்று அந்த வாசலில் வைத்துத்தான் விளங்கியது. அழுகை வந்தது. கோபம் முந்திக்கொண்டதால் அழவில்லை.

என் ஹாண்ட்பாக்கிலிருந்த லைசன்ஸைக் காட்டினேன். ஒருமுறை ஆள்மாறி மோட்டார் சைக்கிளைக் கொடுத்துத் தான் பட்ட பாட்டை அவ சொல்லி, "உந்த லைசன்ஸ் உள்ள நீங்கள் திறப்போடை வந்து எடுங்கோ. உவர் கேற்றுக்கு வெளியிலை நிக்கட்டும். வளவுக்குள்ளை விடமாட்டன்," என்றா. என்னவரின் லைசன்ஸோ, பிக்பொக்கற் பயத்தில், கார் டாஷ்போர்ட்டுக்குள் பத்திரமாகப் பூட்டிக் கிடந்தது.

காரை விட்டு அசைய அவருக்கு மனமில்லை, உள்ளே போகவும் வழியில்லை. விதானையார் என் காதுக்குள் குனிந்து, தேர் பார்க்க வந்த சனம் எங்களையே பார்க்க, இரண்டு ரகசியத்தையும் சொன்னார். இரண்டாவது திறப்பு, தடிக்கும் சங்கிலிக்குமான திறப்புகளோடு கோத்தபடி, என் கூறைச்சேலைப் பெட்டிக்குள், சேலையின் இரண்டாம் மடிப்பில் இருந்தது. கல்யாணச் சேலையை நான் கலைக்கமாட்டேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. சுவிச், டாஷ்போர்ட்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரின் கீழே இருந்தது. பிள்ளையாரைச் சற்று வலப்பக்கம் திருப்பினால் கரண்ட் வரும். கார் எடுக்க முன்னம் ஒவ்வொரு முறையும் அவர் பிள்ளையாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். என்ன இருந்தாலும் பக்தியுள்ள மனிதர் என்று நானும் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

ஓட்டோ பிடித்துப் போய்த் திறப்போடு வந்தேன். பிள்ளையாரைத் திருப்பினேன். கார் ஓடியது. கேற்றடியில் நின்றவரை ஏற்றிக்கொண்டு வீடு வரைக்கும் நானே ஓட்டினேன். வழிநெடுக அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "பரவாயில்லை, ஓடுறீர்," என்றார். திறப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். குசினிக்குள் பாட்டுக்கூடப் பாடினேன்.

ஐப்பசியில் முதல் மழை அடித்து ஊற்றியது. இவர் ஒரு வெள்ள முன்னேற்பாட்டுக் கூட்டத்துக்கு யாருடனோ போயிருந்தார். நான் குடையோடு போய்ச் சங்கிலியைக் கழற்றி, ஏறி இருந்து, பிள்ளையாரை வலப்பக்கம் திருப்பித் திறப்பைத் திருகினேன். கார் உறுமியது, ஓடவில்லை. இடப்பக்கம் திருப்பினேன். முழுச்சுற்றும் சுற்றினேன். பிள்ளையார் வெறும் பிள்ளையாராகி இருந்தார்.

சுவிச்சை இடம் மாற்றிவிட்டார். தேர் முடிந்த அடுத்த கிழமையே மாற்றியிருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். என் கையில் திறப்பை விட்டு வைத்தது பேச்சு வராமல் இருக்கத்தான்.

ஸ்கூட்டியில் நனைந்துகொண்டு போனேன். அலுவலகத்துக்குப் போகவில்லை, சுன்னாகத்து மெக்கானிக்கிடம் போனேன். சொட்டச் சொட்ட நின்ற என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது.

"அக்கா, சுவிச் எங்கையெண்டு சொல்லவோ?"

"வேண்டாம், அதை அவரின்ரை வாயாலை கேக்கோணும். நீங்கள் எனக்கு இன்னொண்டு பூட்டித் தாங்கோ. அவருக்குத் தெரியக்கூடாது."

அந்த மனிதர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த குறடு விழுந்தது. அடுத்த நாள் இவர் வேலைக்குக் கந்தோருக்குப் போன நேரம் வீட்டுக்கு வந்து பூட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீடு. பட்டு வேட்டியோடு காரில் ஏறியவர் வெகு நேரம் இறங்கவில்லை. உறுமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு முன் மூடியைத் திறந்தார், சாத்தினார், மெக்கானிக்குக்குப் போன் எடுத்தார். கதைத்து முடித்ததும் விஷயம் விளங்கியிருக்க வேண்டும், குசினி வாசலில் வந்து நின்றார்.

"எங்கை வைச்சிருக்கிறீர்?"

"முதல் உங்கடையைச் சொல்லுங்கோ."

மழை கூரையில் இரைந்தது. நான் கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டே நின்றேன். முகூர்த்தம் தவறினால் தவறட்டும் என்று இருந்தேன். அவர் வாசலில் போட்டிருந்த குடையை எடுத்து விரித்து, என்னைக் காரடிக்குக் கூட்டிக்கொண்டு போய், சாரதிப் பக்கக் கதவைத் திறந்து இருக்கச் சொன்னார். என் கையைப் பிடித்துச் சீற்றுக்குக் கீழே கொண்டுபோய் ஒரு சின்னக் குமிழில் வைத்தார். "இஞ்சை," என்றார். அவர் தோளெல்லாம் நனைந்திருந்தது.

இப்போது மழை நாளில் நான்தான் காரைக் கொண்டுபோகிறேன். மற்ற நாளில் அவருக்கு எங்கேயாவது போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். நான் போய் ஏறி, கண்ணை மூடச் சொல்வேன். மூடுவார். என் சுவிச்சைப் போட்டுவிட்டு இறங்கி வருவேன். என்றைக்கு அவருக்குக் காட்டுவேன் என்று எனக்கே தெரியாது. கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.